அத்தான் செய்த நான்கு வயலின்கள்

என் அக்காவின் கணவரைப் பற்றி எழுதுவதற்குக் கொஞ்சமும் யோக்கியதை இல்லாத ஆள் நான்தான். ஆனால் விஷயம் முழுவதும் தெரிந்த ஆள் வேறு யாரும் இல்லை, அதனால் என் தலையில் விழுந்திருக்கிறது. ஆறு வருஷமாக அந்த மனிதர், தன் கவனக்குறைவால் ஒருவன் செத்துப்போனான் என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்தார். அது உண்மையில்லை என்று ஒரே வாக்கியத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாரத்துக்கு மூன்று நாள் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. உட்கார்ந்து சாப்பிட்டேன், கை கழுவினேன், சொல்லாமல் எழுந்து வந்தேன்.

அத்தான் இஞ்சினியர். சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் காற்றழுத்த இயந்திரங்கள் செய்து அனுப்பும் கம்பெனியில் சோதனைக் கூடம் அவர் பொறுப்பு. லாரியில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு இயந்திரமும் அங்கே எட்டு மணி நேரம் ஓடியாக வேண்டும். அந்தச் சத்தத்தில் வாசலில் நின்றாலே பல் கூசும். உள்ளே போகிறவர்கள் காதுக்குக் கவசம் மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அத்தானும் மாட்டிக்கொண்டுதான் போவார். போனதும் கழற்றிவிடுவார்.

அதற்குக் காரணம் இருந்தது. உள்ளே சுழலும் தண்டைத் தாங்குகிற பேரிங் கெட்டுப்போவதற்கு முன்னால் சன்னமாக ஒரு கீச்சுக் குரல் கொடுக்கும். மீட்டரில் அது தெரிய இரண்டு நாள் ஆகும். அத்தானுக்கு இரண்டு நிமிஷம் போதும். ஒரு முழ நீளக் கம்பி வைத்திருந்தார். ஒரு முனையை இயந்திரத்தின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கவசத்தோடு இதைச் செய்ய முடியாது. "மூணாவது பேரிங் முனகுது, மாத்திடுங்க" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதில் மயிரிழை விரிசல் இருக்கும். கம்பெனியில் அவருக்குக் 'கம்பி சார்' என்றே பெயர். புதிதாக வந்த மேலாளர் ஒருவர் அதுதான் நிஜப் பெயர் என்று நினைத்து, ஆண்டு விழா அழைப்பிதழில் அச்சடித்த கூத்தும் நடந்தது.

எனக்கு அதே கம்பெனி மருத்துவ அறையில் குமாஸ்தா உத்தியோகம். அத்தான் நாலு பேரிடம் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. கட்டுப் போட ஒரு நர்ஸ், வாரத்தில் இரண்டு நாள் வந்துபோகும் டாக்டர், மற்றதெல்லாம் நான். தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் ஒரே மாத்திரையைக் கொடுக்கிறேன் என்று எனக்கு 'மாத்திரை' என்று பட்டம் வைத்திருந்தார்கள். அது அவதூறு. எங்களிடம் இரண்டு வகை மாத்திரை இருந்தது.

வருஷத்துக்கு ஒரு தடவை காது சோதனை நடக்கும். ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் கண்ணாடி வைத்த பெட்டி ஒன்றைக் கொண்டுவருவார்கள். உள்ளே உட்கார்ந்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். வெளியே தாளில் கோடு விழும். காது நன்றாக இருந்தால் கோடு நேராகப் போகும். கெட்டிருந்தால், மேல் சத்தங்கள் வருகிற இடத்தில் பள்ளம் விழும். தாள்கள் என் மேஜைக்கு வரும். என்னிடம் மூன்று முத்திரைகள் இருந்தன: இயல்பு, மறுபரிசோதனை, பணியிட மாற்றம். கடைசி இரண்டையும் நான் எடுத்ததே இல்லை. அவற்றின் ரப்பரில் கடையில் வாங்கியபோது இருந்த பவுடர் அப்படியே இருக்கிறது.

முதல் தடவை அத்தானின் தாளில் பள்ளம் விழுந்தபோது நான் அதை டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போகத்தான் செய்தேன். அந்த அளவுக்கு நான் நல்லவன்.

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். "கோடு இறங்கின எல்லாரையும் வேற இடத்துக்கு மாத்தணும்னா சோதனைக் கூடத்துல நாற்காலிதான் மிஞ்சும். பேசினா அவருக்குக் கேக்குதில்ல?"

"கேக்குது சார். நேத்துகூட என்னைத் திட்டினார்."

"திட்டினார்ல? அப்ப இயல்புன்னு போடு."

போட்டேன். அடுத்த வருஷம் பள்ளம் கொஞ்சம் ஆழமாகியிருந்தது. யாரிடமும் கேட்காமலே போட்டேன். ஒன்பது வருஷத்தில் ஒன்பது தாள். அந்தக் கூடத்தை விட்டு அவரை வெளியே அனுப்பினால் மனிதர் ஒடிந்துபோவார், அதனால் இது அவருக்கு நான் செய்கிற உபகாரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், டாக்டரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு இல்லை. அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது அது நடந்தது. அத்தான் கம்பியை வைத்துக் கேட்டுவிட்டு, 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போயிருந்தார். இயந்திரத்தருகே ஒரு ஃபிட்டரும் மூன்று உதவியாட்களும் இருந்தார்கள். முற்றத்துக்கு இந்தப் பக்கம், ஜன்னல் மூடிய மருத்துவ அறையில் இருந்த எனக்கே அந்தக் கிரீச்சல் கேட்டது. ஏதோ ரயில் பிரேக் போடுகிறது என்று நினைத்தேன். உதவியாட்கள் மூன்று பேரும் கதவைப் பார்த்து ஓடிவிட்டார்கள். ஃபிட்டர் மட்டும் குனிந்தபடி குழாய் மூட்டை முடுக்கிக்கொண்டே இருந்தார். இயந்திரத்தின் மூடி பிய்த்துக்கொண்டு வந்து அவரை அடித்தது.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். இயந்திரத்தை நிறுத்துவதற்காகத்தான் அவர் ஓடாமல் நின்றார், என்ன வீரம் என்று அஞ்சலிக் கூட்டத்தில் மேலாளர் பேசினார். எல்லாரும் தலையை ஆட்டினோம்.

விசாரணையில் அத்தானின் காது சோதனைத் தாள்களைக் கேட்டார்கள். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கோட்டை யாரும் பார்க்கவில்லை, முத்திரையைப் பார்த்தார்கள். 'கேட்கும் திறன் இயல்பு. எனவே விபத்துக்குக் காரணம் பொறியாளரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். நான் அந்த அறையிலேயே சுவரோரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் அத்தான் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"மச்சான், சத்தியமா சொல்றேன். முழுசா ரெண்டு நிமிஷம் கேட்டேன். அதுல சத்தமே வரல. அப்படின்னா என்ன அர்த்தம்? கம்பி கையில இருந்திருக்கு, மனசு எங்கயோ மேய்ஞ்சிருக்கு. ஒரு ஆளைக் கொன்னுட்டேன்."

அதுதான் சமயம். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறந்தேன். "விடுங்க அத்தான்" என்றேன்.

வேலையை ராஜினாமா செய்தார். அக்கா ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் என்பதால் வீடு ஓடியது. அவர் ஏழு மாதம் ஒரு திருப்புளியைக்கூடத் தொடவில்லை. குழாய் ஒழுகினால் ஆள் கூப்பிடச் சொன்னார். பல்பு மாற்றக்கூட அக்கா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "நான் மாட்டினா கழண்டு யார் தலையிலயாவது விழும்" என்பார். வேடிக்கைக்குச் சொல்கிறாரா, நிஜமாகச் சொல்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் யாரும் சிரிக்கவும் இல்லை.

அவர்களுக்கு ஒரே மகள். பிறந்தபோது ஒன்றரைக் கிலோ என்பதால் 'வாண்டு' என்று பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது நிலைப்படியில் தலை இடிக்கும், பெயர் மட்டும் மாறவில்லை. எட்டு வயதிலிருந்து வயலின் வாசிக்கிறாள். ஒரு மழைக்காலத்தில் அவளுடைய வயலினின் விளிம்பு ஒட்டு விட்டுப்போனது. கடைக்காரர் ஒரு மாதம் ஆகும் என்றார். வாண்டு அழுதுகொண்டே வந்து அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

அத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லிய கத்தி ஒன்றை எடுத்து, விளிம்பில் நுழைத்து, மேல்பலகையை முழுசாகவே பிரித்துவிட்டார். வாண்டு வீறிட்டாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லையே! ஒரு குச்சி நிக்குது. மத்தபடி வெறும் காத்து."

வாழ்நாள் முழுக்கக் காற்றோடு வேலை பார்த்த மனிதர். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் பழைய ஆள் தெரிந்தார். நான்கு நாளில் அதை ஒட்டி, இழுத்துக் கட்டி, வாசிக்கிற நிலைக்குக் கொண்டுவந்தார். ஐந்தாம் நாள், தானே ஒன்று செய்யப்போவதாகச் சொன்னார். ஏன் என்று அக்கா கேட்டாளாம். "இது உடைஞ்சா யாரும் சாக மாட்டாங்க" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

முதல் ஒரு வருஷம் வெறும் படம்தான் வரைந்தார். மரத்தின் எடை, ஈரப்பதம், இழை ஓடும் திசை என்று நோட்டு நோட்டாக நிரப்பினார். "வயலின் செய்யறீங்களா, அணை கட்டறீங்களா?" என்று அக்கா கேட்பாள். பின்னறையில் பழைய கதவு ஒன்றைக் கிடத்தி வேலை மேஜையாக்கிக்கொண்டார். உளி, இழைப்புளி, சுரண்டுவதற்கு வளைந்த தகடுகள், வரிசையாக முப்பது கிளாம்புகள். ஒட்டுவதற்கு வஜ்ரப் பசைதான் வேண்டும், டப்பாப் பசை கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். அக்காவின் பால் பாத்திரம் ஒன்று அதற்குப் பலியானது. வெந்நீருக்குள் பாத்திரத்தை வைத்துப் பசையைக் காய்ச்சினால் மாட்டுத்தோல் நாற்றம் தெருமுனை வரை போகும். "வீட்டுல என்ன செத்துக்கிடக்குன்னு பால்காரர் கேக்கறார்" என்று அக்கா புலம்புவாள். புலம்பினாளே தவிர, அந்த வீட்டில் மறுபடியும் உளிச் சத்தம் கேட்டதில் அவளுக்கு எத்தனை சந்தோஷம் என்று எனக்குத் தெரியும்.

மேல்பலகையைச் செதுக்கும் விதம் இப்படி. பலகையை இரண்டு விரலால் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டிக் கேட்க வேண்டும். கொஞ்சம் சுரண்ட வேண்டும். மறுபடி தட்ட வேண்டும். கனமாக இருக்கும்வரை சத்தம் விறைப்பாக இருக்கும், மெலிய மெலியக் கனியும். எங்கே நிறுத்துவது என்பது காதின் கையில்தான் இருக்கிறது. மீட்டர் வைத்தும் அளக்கலாம். அத்தான் அதை ஓர் ஓரமாக வைத்துவிட்டார். "மச்சான், முப்பது வருஷம் காதை நம்பிப் பொழைச்சவன் நான். மனசு வேணா ஏமாத்தும். காது ஏமாத்தாது" என்றார். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

மற்றவர்கள் இன்னும் சுரண்டிக்கொண்டிருக்கும் இடத்தில் அவர் நிறுத்திவிடுவார். அதற்கு மேல் சுரண்டினால் சத்தம் அமுங்கிவிடுகிறது என்பார். தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரைக்கு இருப்பதிலேயே கடினமான கட்டையாகத் தேர்ந்தெடுப்பார். உள்ளே நிற்கும் குச்சியை அரை நெல் அளவு தள்ளித் தள்ளிக் குதிரைக்கு அடியிலேயே கொண்டுவருவார். எஃகுத் தந்தி போடுவார். பிறகு வில்லை எடுத்து ஒரு இழுப்பு இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஆ, இப்பத்தான் கண்ணைத் திறக்குது" என்பார்.

எங்களுக்குக் காதில் ஊசி ஏறும்.

முதல் வயலினை வாண்டு வாசித்தபோது அக்கா புன்னகையோடு எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். தெருவுக்குக் கேட்கக்கூடாது என்று. "பிரமாதம் அத்தான்" என்று நான் சொன்னேன். முதல் வயலின், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தோம். இரண்டாவது அதைவிட மோசம். மூன்றாவதை வாண்டுவின் வயலின் டீச்சர் வாங்கி நாலு நிமிஷம் வாசித்துப் பார்த்துவிட்டு, வேலைப்பாடு அற்புதம் என்றும், சத்தம் தகரத்தைக் கீறுகிற மாதிரி இருக்கிறது என்றும் சொன்னார். பார்ப்பதற்கு அது அவ்வளவு அழகு, அதைச் சொல்லியே ஆகவேண்டும். வார்னிஷ் தேன் நிறத்தில், விளிம்பு ஒரு மயிரளவு பிசகாமல். அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளிநாட்டுச் சரக்கைத்தான் தூக்கிவெச்சுப் பேசுவாங்க. எனக்குத் தெளிவா கேக்குதே!" என்றார்.

நான்காவது வயலினில் வேலை நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பின்னறைக்குப் போனேன். பசைப் பாத்திரம் அதிகமாகச் சூடேறினால் கூவுவதற்கு அவரே ஒரு சின்ன மணி பொருத்தியிருந்தார். அது பீ பீ என்று விடாமல் அலறிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு ஒரு முழம் தள்ளி நின்று, நிதானமாகப் பலகையைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.

"என்ன மச்சான், பதறறே?"

"மணி அடிச்சுது அத்தான்."

"அதுவா? அது நாலு மாசமா ரிப்பேர். அடிக்கறதே இல்ல. கழட்டிப் போடணும்."

மணி அடிக்கும் அந்த மேல் சத்தம் அவருக்கு இந்த உலகத்தில் இல்லவே இல்லை. தன் காதுக்கு எட்டும்வரை வயலினில் அவர் அதைக் கூட்டிக்கொண்டே போகிறார். அவருக்கு எட்டும்போது மற்றவர்கள் காது கிழிந்துவிடுகிறது. இதைச் சொன்னால், எப்போதிலிருந்து இப்படி என்று கேட்பார். தாள் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டிவரும். பிறகு ஃபிட்டரின் சாவும் பேச்சில் வரும். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த வருஷம் நகர இசைக்குழுவில் வயலினுக்கு ஓர் இடம் காலியானது. இருபத்தைந்து வயதுக்கு மேல் எடுக்கமாட்டார்கள். வாண்டுவுக்கு இருபத்தைந்து முடிய நான்கு மாதம் இருந்தது. இது போனால் இனி இல்லை. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மருத்துவ அறை வாசலில் வந்து நின்றாள்.

"மாமா, தலைவலி மாத்திரை இருக்கா?"

"யாருக்கு?"

"அப்பா வயலினைக் கேக்கறவங்களுக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நாலாவதைத்தான் எடுத்துட்டுப் போகணுங்கறார் மாமா. டீச்சர் அவங்களோடதைத் தர்றேங்கறாங்க. அதை வாசிச்சா எனக்குக் கிடைக்கும், எனக்கே தெரியும்."

"அப்ப அதையே வாசி."

"வாசிச்சுட்டு அவர் முகத்துல எப்படி முழிக்கறது? அந்த விபத்துக்கு அப்பறம் நான் உருப்படியா பண்ணினது இது ஒண்ணுதான்னு தினம் சொல்றார். அவருக்கு நிஜமாவே அந்தச் சத்தம் இனிமையா கேக்குது. அதெப்படி? நீங்க இங்கதானே இருக்கீங்க, அவர் காதைப் பத்தி உங்களுக்கு எதுவும் தெரியாதா?"

"வயசாச்சுல்ல" என்றேன். "நீ கவலைப்படாதே, நான் அவர்கிட்டப் பேசறேன்."

மூன்று வாரத்தில் ஒன்பது தடவை அந்த வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் வாண்டு கதவைத் திறந்து என் முகத்தைப் பார்ப்பாள். 'இன்னைக்கு' என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவேன். வெளியே வரும்போது அவள் கேட்கமாட்டாள்.

தேர்வு இரண்டாம் மாடியில். நீண்ட நடை, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே தேர்வாளர்கள் திரைக்குப் பின்னால் இருப்பார்கள், வாசிப்பது யார் என்று பார்க்கமாட்டார்கள். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். பத்து வருஷத்தில் அவர் அப்படி உடுத்தி நான் பார்த்ததில்லை. அக்காவுக்குப் பள்ளியில் பரீட்சை, வரமுடியவில்லை. வாண்டு கையில் நான்காவது வயலின்.

மற்றவர்கள் எல்லாரும் ஏழெட்டு நிமிஷம் வாசித்தார்கள். வாண்டு உள்ளே போய் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "போதும், நன்றி" என்று ஒரு குரல் கேட்டது. கதவு மெல்லிசு.

அவள் வெளியே வந்தாள். அத்தான் எழுந்து நின்றார். நடையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள்.

"ஆரம்பத்துலயே எங்க தப்பு விட்டே? வயலின் அவ்வளவு தெளிவா பேசுது, உன் மனசு எங்க போச்சு? கவனம் இல்லன்னா என்ன ஆகும்னு என்னைப் பாத்தும் உனக்குப் புரியலையா?"

வாண்டு தலையைக் குனிந்துகொண்டாள். "தப்புதாம்ப்பா" என்றாள். செய்யாத தப்பை அந்தப் பெண் ஒத்துக்கொண்டதைப் பார்த்தபோதுதான் எனக்கு மனசு உடைந்தது. அதற்கு முன்னால் உடைந்திருக்க வேண்டும். என்ன செய்ய, நான் அப்படிப்பட்ட ஆள்.

"அவ நல்லாத்தான் வாசிச்சா அத்தான். சத்தம்தான் சரியில்ல. உங்களுக்கு மேல் சத்தம் கேக்காது. அதனால அதை ஏத்தி ஏத்தி வெச்சிருக்கீங்க."

சிரித்தார். "உனக்கு யார்டா சொன்னா?"

"தாள் சொல்லுது. வருஷா வருஷம் நீங்க பெட்டிக்குள்ள உக்காந்தீங்களே, அந்தத் தாள். நான்தான் இயல்புன்னு குத்தினேன். ஒம்பது வருஷம்."

சிரிப்பு நின்றது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் இஞ்சினியர், கேள்விதான் கேட்டார்.

"கோடு எங்கேந்து இறங்குது?"

"நாலாயிரம் ஹெர்ட்ஸ்லேந்து."

"கடைசித் தாள்ல எவ்வளவு?"

"அறுபது டெசிபல் பள்ளம்."

நாற்காலியில் உட்கார்ந்தார். உதடு அசைந்தது, ஏதோ கணக்குப் போட்டார். "பேரிங் முனகறது அங்கதான் வரும்" என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. வாண்டு வயலினைக் கீழே வைத்துவிட்டு அவர் தலையைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. நான் படி இறங்கி வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "என் கையால சாப்பிட்டுட்டுத்தானடா இருந்தே? ஆறு வருஷம் அவர் ராத்திரியில எழுந்து உக்காந்ததெல்லாம் உனக்குத் தெரியுமாடா?" என்றாள். தெரியும் என்றேன். வைத்துவிட்டாள்.

இசைக்குழு இடம் வேறு யாருக்கோ போனது. வாண்டு இப்போது டீச்சரிடம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்திருக்கிறாள். அத்தான் நான்கு வயலின்களையும் உடைக்கவில்லை. வெந்நீரும் கத்தியும் வைத்து ஒட்டை இளக்கிப் பிரித்து, பலகைகளைத் தனித்தனியாக அடுக்கிவிட்டார். வாண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, "இன்னும்" என்று சொல்லச் சொல்ல, அவர் சுரண்டுகிறாராம். இதெல்லாம் பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"செருப்பைப் போட்டுக்க. ஒரு இடத்துக்குப் போகணும்."

ஃபிட்டரின் வீடு. மூன்றாம் மாடியில் இரண்டே அறைகள், ஜன்னலோரம் தையல் மெஷின், அதன் மேல் பாதி தைத்த பள்ளிச் சீருடை. அவருடைய மனைவி அத்தானை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உட்காரச் சொன்னார். அத்தான் நின்றுகொண்டே பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் இறந்ததுக்கு என் கவனக்குறைவு காரணம்னு எழுதினாங்கம்மா. நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். அது இல்ல. கவனமாத்தான் கேட்டேன். எனக்குக் காதே இல்ல, அது எனக்குத் தெரியல. தெரிஞ்சிருந்தா அந்தக் கூடத்துக்குள்ள காலே வெச்சிருக்க மாட்டேன், உங்க வீட்டுக்காரரும் இருந்திருப்பார். இதை உங்ககிட்டச் சொல்லணும்னு வந்தேன்."

அந்த அம்மா சீருடையை மடித்து ஓரமாக வைத்தார்.

"அவருக்கும் கேக்காது சார்."

அத்தானுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"எல்லாரும் ஓடினாங்க, இவர் மட்டும் வீரமா நின்னார்னு கூட்டத்துல பேசினாங்க. வீரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கதவு மணி அடிச்சா கேக்காது, பாப்பா கத்தினாலும் திரும்ப மாட்டார். முதுகுப் பக்கமா நின்னு கூப்பிடறதை நான் விட்டே பல வருஷம். லைட்டைப் போட்டுப் போட்டு அணைப்பேன், அப்பத்தான் திரும்புவார். டாக்டர்கிட்டப் போலாம்னு எத்தனை தடவை கெஞ்சினேன்! ஒவ்வொரு வருஷமும் இந்தப் பேப்பரைக் கொண்டுவந்து காட்டுவார். 'பாரு, கம்பெனியே நல்லா இருக்குன்னு போட்டிருக்கான், உனக்குத்தான் பிரமை'ம்பார். எனக்கும் அப்படித்தான் தோணிடுச்சு. நம்மதான் தப்பா நெனக்கறோம்னு விட்டுட்டேன்."

அலமாரியைத் திறந்து, ஆஸ்பத்திரிச் சீட்டுகள் இருந்த பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து அத்தானிடம் கொடுத்தார். அத்தான் கோட்டைப் பார்த்தார். அவருடையதைவிட ஆழமான பள்ளம். கீழே முத்திரை, பக்கத்தில் என் சுருக்கொப்பம். எனக்கு அந்தத் தாள் நினைவிலேயே இல்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன், அந்த ஆள் என் முன்னால் வந்து நின்றதுகூட நினைவில்லை.

அத்தான் தாளை என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அப்போதுதான் அந்த அம்மா என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"நீங்களா?"

"ஆமா."

"இப்பவும் அங்கதான் வேலையா?"

"ஆமா."

"அப்ப இந்த வருஷமும் குத்தியிருப்பீங்க."

போன மாதம்தான் பெட்டி வந்துபோயிருந்தது. நாற்பத்தொரு தாள். ஒன்றில்கூட நான் கோட்டைப் பார்க்கவில்லை. அத்தான் வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார், படியில் அவர் இறங்கும் சத்தம் கேட்டது. நான் தாளைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினேன்.

அந்த அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்களே வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தார்.